ஹாயினாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

என் கணவர் ஹவாய்த் தீவைக் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. ஆனாலும் எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடங்கள் ஜெர்மனியில் நாங்கள் இரண்டு பேரும் ஹவாய்க்காரர்களாகத்தான் திரிந்தோம். அவர் மேடையில், நான் மேடைக்குப் பின்னால். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் போகிறது. ஆனால் நடந்ததைக் கூட்டியும் குறைத்தும் சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

கொழும்பில் அந்த நாளில் ஹவாயன் கிட்டார் என்றால் பெரிய மோகம். கிட்டாரை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, ஒரு இரும்புக் கட்டையைக் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பது. என் கணவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழுவில் அதை வாசித்தார். அந்தக் குழுவோடுதான் அறுபதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்தார். குழு கலைந்து மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவிட, இவர் கொலோனில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு வருடம் கழித்து நான் வந்தேன். வந்த மூன்றாம் மாதமே உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தேன்.

ஜெர்மன் பாஷையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பேசுகிற பெண்களிடம் படித்தேன். அதனால் எனக்கு அது உரக்கத்தான் வரும். எழுத்தையும் அங்கே சுவரில் மாட்டியிருந்த பலகைகளைப் பார்த்துக் கூட்டப் பழகினேன். என் கணவருக்கு இங்கிலீசு நன்றாக வரும், ஜெர்மன் வராது. கடையென்றாலும் அரசாங்கக் கந்தோரென்றாலும் நான்தான் முன்னுக்கு நிற்பேன், அவர் என் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதில் எனக்குப் பெருமை. மறைக்கத் தேவையில்லை.

என் கணவர் ஹவாயன் கிட்டார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டு எங்களை ஊர் ஊராகக் கூட்டித் திரிந்தவர் ஒரு ஜெர்மன்காரர். நாங்கள் முதலாளி என்போம். "தென்கடல் மாலை" என்று விளம்பரம் ஒட்டுவார். அதில் அசல் ஹவாய்க்காரர் மூன்று பேர்தான். எழுபதை நெருங்கிய ஒரு பாட்டுக்கார அம்மா. அவருடைய தம்பி, மடியில் கிட்டார் வைத்து வாசிப்பவர். ஆளுயர வயலின் மாதிரி ஒன்றை நின்றுகொண்டே விரலால் தட்டுகிற ஒரு மைத்துனர். முப்பது வருடம் அமெரிக்காவின் பெருநிலத்தில் ஹோட்டல் ஹோட்டலாக வாசித்தவர்கள். அங்கே இளசுகளின் புதுச் சத்தம் வந்த பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. இங்கே ஜெர்மன்காரருக்கு அந்த நேரம் தென்கடல் பைத்தியம். வந்துவிட்டார்கள். அந்தத் தம்பிக்காரர் வாசித்ததைக் கேட்ட முதல் நாளே என் கணவர் தன் ஹவாயன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அந்த மனிசனுக்கு முன்னால நான் உந்தக் கிட்டாரைத் தொட ஏலாது" என்றார். அதற்குப் பிறகு சாதாரண கிட்டாரோடு அவர்களுக்குப் பின்னால் நின்று தாளம் போட்டார்.

பாட்டுக்கார அம்மாவை எல்லோரும் அன்ரி, அதாவது மாமி, என்று கூப்பிட வேண்டும். மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், அவர்கள் ஊர் முறை. எங்களுக்கும் அதுதானே முறை. முதலாளி மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அன்ரிக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு இங்கிலீசு அரைகுறை. என் கணவர் இடையில் நின்று சொல்லுவார். அவர் இல்லாத நேரம் கையும் கண்ணும் இருந்தன. அவர்கள் பேசியதையெல்லாம் நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு விதம் எனக்குத் தெரியாது.

என் வேலை உடுப்பு. முன்னால் ஆடுகிற இரண்டு ஜெர்மன் பெட்டைகளுக்கும் நார்ப் பாவாடை கட்ட வேண்டும். அந்தப் பெட்டைகள் தோளிலிருந்து கால்வரைக்கும் மண்ணிறப் பூச்சுப் பூசிக்கொண்டுதான் மேடைக்கு வருவார்கள். அது நான் தைத்ததில் எல்லாம் ஒட்டும். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. அன்ரிக்குக் கழுத்திலிருந்து கால்வரை நீளமான வெள்ளைச் சட்டை. முதுகில் பதினெட்டுக் கொழுக்கி. அவருடைய கை பின்னால் எட்டாது, நான்தான் பூட்டிவிட வேண்டும்.

இது போதாதென்று முதலாளி என்னை வாசலிலும் நிறுத்தினார். கறுத்த முகமாக இருக்கிறதாம், வருகிறவர்களுக்குக் கடதாசிப் பூமாலை போட்டுவிட வேண்டுமாம். எங்களில் மாலை போடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். டிக்கெட் கிழிக்கிற இடத்தில், குடையை உதறிக்கொண்டு நிற்கிறவனின் கழுத்திலா? ஒரு முறை தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள், ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், இந்தியாக்காரர். ஒருவர் குனிந்து கழுத்தைக் கொடுத்து, "எக்ஸ்க்யூஸ் மீ மேடம், யூ ஆர் ஃப்ரம் ஹொனலூலூ?" என்றார். மற்றவரிடம் திரும்பி, "டேய், இவங்க அப்படியே நம்ம ஊர் ஆளுங்க மாதிரியே இருக்காங்கடா" என்றார்.

"தம்பி, வாசலை மறிக்காமல் உள்ளுக்குப் போங்கோ" என்றேன்.

"ஐயையோ! தமிழா? சாரிக்கா, வெரி சாரி!" என்று அவர் மாலையோடு ஓடியதைப் பார்த்து என் கணவர் இரண்டு நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பாட்டைக் கேட்கத் தெரியாது. மெதுவான பாட்டு, ஒரு தாய் செத்துப்போனதைப் பற்றிய பாட்டு, அதற்கும் கைதட்டித் தாளம் போடுவார்கள். மேசையில் இருக்கிறவர்கள் கையோடு கை கோத்துக்கொண்டு இடமும் வலமும் ஆடுவார்கள். இரண்டு சரணத்துக்கு மேல் போனால் முதலாளி திரைக்குப் பக்கத்தில் நின்று விரலைச் சுழற்றுவார், முடி முடி என்று. கிழவர்கள் மூவரும் உடனே முடித்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பத்தியெரியும்.

"ஏன் அவையள் ஒண்டும் சொல்லாமல் நிக்கினம்? வாயில்லையோ?" என்று நான் கணவரிடம் கேட்டேன்.

அவர் தம்பிக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "முப்பது வருசமாய் இரண்டு சரணம்தானாம். பெருநிலத்துச் சனத்துக்கு இரண்டு சரணத்தோட பசி வந்திடுமாம்."

அந்தத் தம்பிக்காரர் எல்லாவற்றையும் அப்படித்தான் பகிடியாக்குவார். ஆனால் அன்ரி பகிடி பண்ணுகிறவர் அல்ல.

அன்ரியிடம் ஒரு பாட்டு இருந்தது. அதை மேடையில் பாடியதே இல்லை. நான் சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது தனக்குள்ளே பாடுவார். மெல்லிய குரல் ஓரிடத்தில் உடைந்து மேலே ஏறி நிற்கும், குருவி கிளை மாறுகிற மாதிரி. ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அந்தப் பாட்டு என்ன என்று ஒரு நாள் என் கணவரை வைத்துக் கேட்டேன். அவர்களுடைய தாய் கட்டிய பாட்டாம். மூத்த மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள், அவளுக்காகக் கட்டியது. தாய் கண்மூட முதல் அதை அன்ரியிடம் கொடுத்து ஒரு சொல் வாங்கினாராம். பாடினால் முழுக்கப் பாடு, இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே.

ஏன் அப்படி என்றால், அந்தப் பாட்டுகளின் முறை அப்படி. முன் சரணங்கள் எல்லாம் காற்று, மழை, மலை என்று சுற்றிக்கொண்டு போகும். யாருக்காகப் பாடுகிறார்கள் என்று சொல்லமாட்டார்கள். கடைசிச் சரணம் "ஹாயினா" என்ற சொல்லோடு தொடங்கும். சொல்லியாயிற்று என்கிற மாதிரி ஒரு பொருளாம். அது காதில் விழுந்தால் வாத்தியக்காரருக்கும் ஆடுகிறவருக்கும் விளங்கும், இனி வருவதுதான் கடைசி என்று. அந்தச் சரணத்தில்தான் பெயர் வரும். அதை இரண்டு தரம் பாட வேண்டும். எனக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கோயிலில் பதிகம் ஓதினாலும் கடைசிப் பாட்டில்தானே பாடியவர் பெயர் வரும். மழை வந்தாலும் அதை விட்டுவிட்டு எழும்பமாட்டோம்.

இரண்டாம் வருடம் தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி எடுக்கிற ஒரு கூட்டம் முதலாளியிடம் வந்தது. கொலோனுக்கு வெளியே ஒரு மண்டபத்தில், ஆட்களையும் இருத்தி, ஒரு முற்பகலில் எடுக்கப்போகிறார்கள். ஒரு பாட்டாவது அசலாக வேண்டும், ஒருவரும் கேட்காத பழம்பாட்டு வேண்டும் என்று இயக்குநர் கேட்டாராம். தம்பிக்காரர் சிரித்துக்கொண்டு அன்ரியைப் பார்த்தார். அன்ரி மூன்று நாள் யோசித்தார். பிறகு, "முழுப் பாட்டும் எடுக்கிறதெண்டால் பாடுறன். ஒரு எழுத்து வெட்டினாலும் இல்லை" என்றார். முதலாளி சத்தியம் பண்ணினார். இயக்குநரும் தலையாட்டினார்.

அந்த நாள் வந்தது. மண்டபம் முழுக்க அட்டைத் தென்னை. ஒத்திகை என்று அன்ரியை வேறொரு பாட்டில் ஒரு சரணம் மட்டும் பாடவைத்தார்கள், வெளிச்சம் பார்க்க. நான் மேடை ஓரத்தில் முழந்தாளில் இருந்து அவருடைய சட்டை விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். இயக்குநர் கையில் ஒரு தாளோடு வந்தார். பாஷை தெரியாத பாட்டு, எங்கே முடியும் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி தம்பிக்காரரைப் பார்த்தார். தம்பிக்காரர் இங்கிலீசில் என்னவோ சொன்னார், அது இயக்குநருக்கு விளங்கவில்லை. என் கணவர் வாயைத் திறக்க முன் நான் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தேன்.

"ஹாயினா" என்றேன் ஜெர்மனில். "ஹாயினா எண்டு பாடுவா. அதைக் கவனியுங்கோ."

இயக்குநர் என் பக்கம் குனிந்தார். "ஹாயினா என்றால் என்ன, அம்மணி?"

அந்த மண்டபத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழந்தாளில் இருந்தவள் எழும்பினேன்.

"ஷ்லுஸ்" என்றேன்.

ஷ்லுஸ் என்றால் முடிவு. ஒரு கதையின் முடிவுப் பகுதிக்கும் அந்தச் சொல்தான். தையல் தொழிற்சாலையில் நாலு மணிக்கு மேற்பார்வைக்காரி கையைத் தட்டிக் கத்துகிறதும் அந்தச் சொல்தான். ஷ்லுஸ்! அவள் கத்தினால் பாதி ஓடிய தையலையும் அப்படியே விட்டுவிட்டு எழும்ப வேண்டும். நான் முதல் பொருளில் சொன்னேன். அவர் எந்தப் பொருளில் எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. "பிரமாதம்" என்று தாளில் எழுதிக்கொண்டார். என் ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"முழுக்க எடுப்பினமோ எண்டு இன்னொருக்கால் கேளும்" என்றார் என் கணவர்.

கேட்டேன். "முழுக்க. ஹாயினா வரைக்கும்" என்றார் இயக்குநர்.

"முழுக்கவாம். ஹாயினா மட்டும் எடுப்பினமாம்" என்று நான் கணவரிடம் சொன்னேன். எங்கள் பேச்சில் மட்டும் என்பதற்கு வரைக்கும் என்றும் பொருள். ஹாயினாவும் சேர்த்துத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்ரி பாடினார். அன்றைக்குச் சனம் கைதட்டவில்லை. தட்டவேண்டிய நேரத்தில் ஒரு ஆள் பலகை தூக்குவான், அதுவரைக்கும் தட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் முதல் தரமாக அந்தப் பாட்டு அமைதியில் போனது. காற்று வந்தது, மழை வந்தது, மலை வந்தது. தம்பிக்காரர் இரும்புக் கட்டையைக் கம்பியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்ரி மூச்சை இழுத்து, "ஹாயினா" என்றார்.

பலகை மேலே போனது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. மண்ணிறம் பூசிய இரண்டு பெட்டைகளும் இரண்டு பக்கத்தாலும் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அன்ரியின் வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடி நின்றது. தம்பிக்காரரின் கை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தது. பிறகு அவரும் கண்ணைத் திறந்து பார்த்தார்.

நான் இயக்குநரிடம் ஓடினேன். "ஏன் வெட்டினியள்? பாட்டு முடியேல்லை!"

"முடிந்ததே. ஹாயினா என்று பாடினாரே."

"ஹாயினாவுக்குப் பிறகுதான் பாட்டு இருக்கு!"

"நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று அவர் தாளை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ஹாயினா, இரண்டு சிறு கோடு, ஷ்லுஸ். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை ஓட்டிக் காட்டினார். வாசிக்கத் தெரிந்ததுதான் எனக்கு வினையாக இருந்தது.

திருப்பி எடுங்கோ என்றேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம், ஒரு மணிக்கு வேறு குழுவுக்குத் தெர்மின், நேரம் குறித்துக் கொடுத்தாயிற்று என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் அந்த இடத்தில் கொட்டினேன். தொழிற்சாலையில் படித்த, எழுத ஏலாத சொற்களும் அதில் இருந்தன. வேலைக்காரர் தென்னைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். முதலாளி என் முழங்கையைப் பிடித்து, "அழகாகத்தானே வந்தது, ஏன் இந்தச் சத்தம்?" என்றார். அழகாக வந்ததாம்.

பேருந்தில் வரும்போது என் கணவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீர் ஏன் வாய் குடுத்தனீர்?"

"நீங்கள் குடுத்திருக்கலாமே. ஜெர்மனில ஒரு சொல்லுத் தெரியாது, பிறகு கேள்வி."

"தெரியாட்டி நான் பேசாமல் இருக்கிறனான்."

அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய் இருந்தேன்.

அன்ரியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பதினெட்டுக் கொழுக்கியையும் பூட்டினேன், அவிழ்த்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம் போல இரண்டு சரணப் பாட்டுகளைப் பாடினார், சனம் கைகோத்து ஆடியது. தனக்குள் பாடுவது மட்டும் நின்றுவிட்டது. நான் தைக்கும்போது அறை சும்மா இருந்தது. அந்த இயக்குநரையும் முதலாளியையும் பலகை தூக்கியவனையும் மனதுக்குள் ஒவ்வொருவராகத் திட்டுவேன். வரிசை முடியும்போது என் முறை வரும். உடனே திரும்பவும் இயக்குநரிலிருந்து தொடங்குவேன்.

நாலு கிழமை, ஒரு மாதம் கழித்து அது தொலைக்காட்சியில் போனது. கிழவர்கள் தங்கியிருந்த விடுதியில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். ஹாயினா என்றதும் கைதட்டல். விடுதிக்காரியும் கூடச் சேர்ந்து தட்டினாள். நாடு முழுக்க எத்தனை வீட்டில் தட்டினார்களோ. அன்ரி எழும்பித் தன் அறைக்குப் போனார். நான் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன். என் கணவரையும் கூட்டிப் போயிருந்தேன், இதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்று.

"அண்டைக்கு அந்த ஆளுக்குப் பிழையாய்ச் சொன்னது நான்தான்" என்றேன். "ஹாயினா எண்டால் முடிவு எண்டு சொன்னனான்."

அன்ரி கட்டிலில் இருந்துகொண்டு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "அவன் உன்ர முகத்துக்கு முன்னால தாளைப் பிடிச்சதைப் பார்த்தனான். நீ எப்ப சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"நாலு கிழமை" என்றேன்.

"ஓம். நாலு கிழமை. பெரிய பெருமைக்காரி நீ."

இதை மொழிபெயர்க்கும்போது என் கணவர் கொஞ்சம் அதிகமாகவே சந்தோசப்பட்டார் என்று எனக்குப் பட்டது.

அன்ரி பிறகு சொன்னார், அந்தப் பாட்டு இப்போது பாதியில் நிற்கிறது, அதை இனி முதலிலிருந்து தொடங்கவும் தனக்கு ஏலாது, முடித்த பிறகுதான் திருப்பித் தொடங்கலாம் என்று. அவருக்கு வாக்கு வாக்குத்தான். அடுத்த ஞாயிறு ஆஹெனில் நிகழ்ச்சி இருந்தது, பின்னேரக் கோப்பியும் கேக்குமாக. அங்கே விட்ட இடத்திலிருந்து பாடி முடிக்கப்போவதாகச் சொன்னார். ஹாயினாவிலிருந்து, அந்தக் கடைசிச் சரணத்தை.

"அக்கா, சனம் கேக்கை வாயில வைக்க முதல் பாட்டு முடிஞ்சிடும்" என்றார் தம்பிக்காரர்.

"நீ கட்டையைக் கம்பியில வை. வாயை மூடு" என்றார் அன்ரி.

ஆஹெனில் எனக்கு இன்னொரு வெடி காத்திருந்தது. மண்டபத்தில் திரை இழுக்கிறவர் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர், ஐம்பது வயது, கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முதலாளி கொடுத்த தாளை வாசித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் ஹாயினா என்றால் ஷ்லுஸ் என்று இருந்தது. முதலாளிக்கு என் கண்டுபிடிப்பு அவ்வளவு பிடித்துவிட்டது! தொலைக்காட்சிக்காரரின் தாளைப் பார்த்து எழுதி, போகிற மண்டபங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். அன்ரி வாயைத் திறந்து முதல் சொல்லைச் சொன்ன உடனே திரை விழப்போகிறது.

"ஐயா, உது பிழை" என்றேன். "அந்தச் சொல்லுக்குத் திரையை விடாதேங்கோ."

"தாளில் இருக்கிறது."

"தாள் பிழை."

"தாளை எழுதியவர் வந்து சொல்லட்டும்."

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னது நான். நானே திருப்பி எடுக்கிறன்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்கள் வாசலில் பூ போடுகிற பெண் அல்லவா?"

அதற்குள் தம்பிக்காரரின் கிட்டார் தொடங்கிவிட்டது. அன்ரி முன்னுக்கு வந்து நின்றார். அந்த மனிதரின் கை கயிற்றுக்குப் போனது. நான் அவருடைய கைக்கு மேலால் கயிற்றைப் பிடித்தேன், இரண்டு கையாலும், உடம்புப் பாரத்தையும் போட்டு. பழைய கயிறு, கரியும் எண்ணெயும் பிடித்திருந்தது. ஹாயினா என்றார் அன்ரி.

"அம்மணி, விடுங்கள்!"

"விடமாட்டன்."

"என் வேலை இது!"

"கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கோ."

திரை மேலே ஒரு முழம் ஆடிவிட்டு நின்றது. அன்ரி பாடிக்கொண்டு போனார். ஆனால் சனம்! பாட்டு என்ன என்று விளங்க முதலே தாளம் பிடித்துவிட்டார்கள். இருநூறு கை ஒன்றாக அடித்தது. பெயர் வருகிற இடம் வந்தது, போனது. எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை என்றால் ஆருக்குக் கேட்டிருக்கும்? கயிற்றைப் பிடித்தபடி நான் அழுதேன், ஆத்திரத்தில். இத்தனையும் செய்து இதற்குத்தானா?

இரண்டாம் தரம் பாட வேண்டும். அன்ரி மூச்சு எடுத்தார். அப்போது தம்பிக்காரர் இரும்புக் கட்டையைக் கம்பியிலிருந்து தூக்கி மடியில் வைத்துவிட்டார். மைத்துனர் அதைக் கண்டு தட்டுவதை நிறுத்தினார். என் கணவரும் நிறுத்தினார். வாத்தியம் ஒன்றும் இல்லை. தட்டுகிறவர்களுக்குத் தாளம் தவறியது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிவிட்டு விட்டார்கள். கோப்பைகளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அன்ரியின் குரல் தனியாகப் போய் அந்த இடத்தில் உடைந்து மேலே ஏறியது. பெயரைச் சொன்னார். முழுப் பெயர், நீளமான பெயர், நான் அதுவரை கேட்டிராதது. அதை இங்கே எழுதமாட்டேன், எனக்குத் தந்தது அல்ல.

"இப்போது?" என்றார் திரைக்காரர் மெதுவாக.

"இப்ப விடுங்கோ" என்றேன்.

முதலாளி ஓடிவந்தார், முகம் சிவந்து. சொல் சொன்ன உடனே திரை ஏன் விழவில்லை என்று கத்தினார். திரைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "கப்பி இறுகிவிட்டது" என்றார். நல்ல மனிதர்.

ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. "கப்பி இறுகேல்லை. நான்தான் பிடிச்சனான்" என்றேன்.

முதலாளி என்னை இனி ஒரு மேடைப் பக்கமும் காணக்கூடாது என்றார். என் கணவர் தலையில் கைவைத்தார். அன்ரி இறங்கி வந்து முதலாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், என்ன சொல்கிறான் என்று கேட்டார். என் கணவர் சொன்னார்.

"அப்ப எனக்கு ஆர் கொழுக்கி பூட்டுறது? அவனோ?" என்றார் அன்ரி. முதலாளியின் பக்கம் முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி போய்விட்டார். நான் கொழுக்கியை அவிழ்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார் அன்ரி. "உன்ர கையைப் பார். முதல்ல போய்க் கழுவு."

அந்தத் தொலைக்காட்சிப் படம் இன்னும் எங்கேயோ ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும். அதில் பாட்டு ஹாயினாவோடு நிற்கும், சனம் தட்டும். அதை மாற்ற எனக்கு ஏலாது. ஷ்லுஸ் என்று சொல்லியிருக்கக் கூடாது. கடைசிச் சரணம் என்பதற்கு ஜெர்மனில் வேறு சொல் இருக்கிறது. பிறகு கேட்டுப் படித்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.